வாரிய பாத்தியில் மறுநாளே வாரினால்

இடையஞ்சாவடிப் பெரியவர்களே, தாய்மார்களே, முந்திரித் தோப்பு வழியாக சைக்கிள் மிதித்து வந்து முன்வரிசையைப் பிடித்திருக்கும் பிள்ளைகளே!

டென்னிஸைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கபடியும் கிரிக்கெட்டும் ஆடுகிற ஊரில் டென்னிஸ் எதற்கு என்று சிலர் நினைக்கலாம். உங்கள் காலில் ஒட்டியிருக்கும் இந்தச் செம்மண்ணின் நிறத்தில்தான் பாரிஸில் ஓர் ஆடுகளம் இருக்கிறது. பிரெஞ்சு ஓப்பன் நடக்கும் இடம் அது. அங்கே மேலே தூவியிருப்பது மண்கூட அல்ல, செங்கல்லை இடித்த தூள். நம்முடையது அசல், அவர்களுடையது பூச்சு! ஆகவே கூச்சப்படாமல் டென்னிஸ் பேசலாம்.

இன்றைக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள், ஜெயிப்பது எப்படி என்பதல்ல. அதைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நன்றாக ஆடிக்கொண்டிருந்த ஒருவன் திடீரென்று தோற்கத் தொடங்குகிறானே, அப்போது அவனுக்கு என்ன ஆகிறது? நாம் உடனே என்ன சொல்கிறோம்? "ஃபார்ம் அவுட்" என்கிறோம். அடுத்து என்ன சொல்கிறோம்? "கோச்சை மாத்துங்கப்பா" என்கிறோம். இரண்டு தீர்ப்பும் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடுகின்றன. அந்த ஒரு நிமிடத்தில் ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை. அவன் களைத்துப் போயிருக்கிறானா?

இங்கிருந்து வடக்கே போனால் மரக்காணம். அந்த உப்பளத்தைப் பார்க்காதவர் இந்தக் கூட்டத்தில் இருக்கமாட்டீர்கள். பாத்தியில் தண்ணீர் விட்டு, வெயிலில் காயவிட்டு, உப்பு விளைந்த பிறகு வாருகிறார்கள். பாருங்கள், உப்பு 'விளைகிறது' என்றுதானே சொல்கிறோம், நெல் விளைவதைப்போல? அதற்குக் காலம் வேண்டும். இன்று வாரிய பாத்தியில் நாளைக்கே பலகையைப் போட்டு இழுத்தால் என்ன வரும்? சேறுதான் வரும். அப்போது பாத்திக்காரர், "வாருகிறவன் சரியில்லை, ஆளை மாற்று" என்றால் சிரிக்கமாட்டோமா? டென்னிஸில் மட்டும் யாரும் சிரிப்பதில்லை.

இதை நான் சென்னை நுங்கம்பாக்கத்தில் கண்ணால் பார்த்தேன். 2008ஆம் ஆண்டு, ஜனவரி முதல் வாரம், சென்னை ஓப்பன். 1997 முதல் 2017 வரை ஒவ்வோர் ஆண்டும் உலக ஆட்டக்காரர்கள் நம் ஊருக்கு வந்து போன காலம் அது. அரையிறுதியில் ரஃபேல் நடால். வயது 21. எதிரே கார்லோஸ் மோயா. வயது 31. இரண்டு பேரும் ஸ்பெயினின் மயோர்கா தீவுக்காரர்கள். சின்ன வயதிலிருந்தே மோயாவை அண்ணாந்து பார்த்து வளர்ந்தவர் நடால். மோயாவோ சென்னையில் 2004, 2005 என்று இரண்டு முறை கோப்பை வாங்கியவர். நம் ரசிகர்களுக்கு அவர் கிட்டத்தட்ட சொந்தக்காரர்.

ஆட்டம் மூன்று செட். மூன்றுமே சமனில் நின்று டை-பிரேக்கரில்தான் முடிந்தன. முதல் செட் மோயாவுக்கு. இரண்டாவதில் மோயாவுக்கு நான்கு மேட்ச் பாயிண்ட். அதில் ஒரே ஒரு புள்ளி மோயாவுக்குப் போயிருந்தால் கதை முடிந்தது. நான்கையும் நடால் தடுத்தார். மூன்றாவது செட்டையும் எடுத்தார். எவ்வளவு நேரம் தெரியுமா? 3 மணி 54 நிமிடம். ஐந்து செட் ஆட்டத்துக்கான நேரம், மூன்று செட்டில். கடைசிப் பந்து விழுந்தபோது அரங்கமே எழுந்து நின்றது. நானும் நின்றேன். கை வலிக்கத் தட்டினேன். பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர் மட்டும் உட்கார்ந்தபடியே, "நாளைக்கு இந்தப் பையன் கால் தூக்குவானா?" என்று கேட்டார். எனக்குக் கோபம்கூட வந்தது. இவ்வளவு பெரிய வெற்றியைப் பார்த்துவிட்டு இப்படியா கேட்பது?

மறுநாள் இறுதி ஆட்டம். எதிரே ரஷ்யாவின் மிகாயில் யூஷ்னி. முதல் செட் 6–0. இரண்டாவது செட் 6–1. 57 நிமிடத்தில் முடிந்துவிட்டது. தோற்றவர் நடால்.

முந்தின நாள் நான்கு மேட்ச் பாயிண்டைத் தடுத்தவருக்கு மறுநாள் ஒரே ஒரு கேம்! அவருடைய ஃபார்ம் ஒரே இரவில் எங்கே போனது? நுங்கம்பாக்கத்தில் யாராவது திருடிக்கொண்டு போனார்களா? ஒன்றும் போகவில்லை. பந்து வரும் இடம் அவருக்குத் தெரிந்தது. எப்படி அடிக்க வேண்டும் என்பதும் தெரிந்தது. கால்தான் போகவில்லை. ஆட்டக்காரர்கள் "கால் வரல" என்று சொல்வார்களே, அதுதான். கால் ஓர் அடி பிந்தினால் மட்டை பிந்தும். மட்டை பிந்தினால் பந்து வலையில். பார்க்கிறவனுக்குத் தெரிவது வலையில் விழுந்த பந்து மட்டும். அவன் கை சரியில்லை என்கிறான்.

அன்றைக்கு நடாலின் பயிற்சியாளர் யார்? அவருடைய சிற்றப்பா டோனி நடால். குழந்தைப் பருவத்திலிருந்து மட்டை பிடிக்கக் கற்றுக் கொடுத்தவர். 6–0, 6–1 என்று தோற்றபின் சிற்றப்பாவை மாற்றினார்களா? இல்லை. அதே ஆண்டு என்ன நடந்தது? ஜூனில் பிரெஞ்சு ஓப்பன். ஜூலையில் விம்பிள்டன். ஆகஸ்டில் பெய்ஜிங் ஒலிம்பிக் தங்கம், அதே ஆகஸ்டில் உலகின் முதலிடம். சென்னையில் ஒரு கேம் எடுத்த அதே ஆள், அதே ஆசான்! அந்தப் பெரியவரை நான் மறுபடி பார்க்கவில்லை. பார்த்திருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன்.

இது நுங்கம்பாக்கத்தில் மட்டும் நடந்த அதிசயம் என்று நினைக்க வேண்டாம். 2010 விம்பிள்டனில் அமெரிக்காவின் ஜான் இஸ்னரும் பிரான்ஸின் நிக்கோலா மஹூவும் மூன்று நாள், 11 மணி 5 நிமிடம் ஆடினார்கள். கடைசி செட் மட்டும் 70–68. ஜெயித்த இஸ்னர் அடுத்த சுற்றில் 74 நிமிடத்தில் தோற்றுப்போனார்.

உடம்பில் என்னதான் நடக்கிறது? ஓடும் தசைக்குள் சேமித்து வைத்த சர்க்கரை தீர்ந்துபோகிறது. சாப்பிட்டாலும் அது மறுபடி நிரம்ப ஒரு நாள் பிடிக்கும். தசை நார்களில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழுகின்றன. அவை ஆற அதைவிட நாளாகும். பிறகு வியர்வை. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, வியர்வை காய்ந்த சட்டையில் வெள்ளைக் கோடு போடுவது என்னவென்று. உப்பு! நம் கடற்கரைப் புழுக்கத்தில் ஓர் ஆட்டக்காரர் மணிக்கு ஒன்றிரண்டு லிட்டர், சில நேரம் அதற்கு மேல்கூட வியர்வை விடுவார். வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடித்தால் போதாது, போன உப்பும் திரும்ப வேண்டும். உப்பள வேலைக்காரர் விடியுமுன் இறங்கி, வெயில் உச்சிக்கு வருமுன் கரையேறுகிறார். அவருக்கு இதை எந்தக் கோச்சும் கற்றுத் தரவில்லை.

இத்தனையும் உடம்புக் களைப்பு. இன்னொன்று இருக்கிறது. ஜனவரியில் தொடங்கி நவம்பர் வரை ஊர் ஊராக, விமானம் விமானமாக, விடுதி விடுதியாக அலைகிற அலைச்சல். முன்பு ஒரு வாரத்தில் முடிந்த பெரிய போட்டிகள் பலவற்றை இப்போது 12 நாளுக்கு நீட்டிவிட்டார்கள். 2023இல் மாட்ரிட், ரோம், ஷாங்காய். 2025இல் கனடாவும் சின்சினாட்டியும். பெட்டியைத் திறந்து துணியை அடுக்குவதற்கே சலித்துப்போகும் நிலை அது. மனம் சலித்தவன் என்ன செய்வான்? நீண்டு ஆட வேண்டிய பந்தை இரண்டாவது அடியிலேயே முடிக்கப் பார்ப்பான். வெளியே போகும். நாம் "பொறுப்பில்லாத ஆட்டம்" என்போம்.

அப்படியானால் ஃபார்ம் என்று ஒன்று கிடையவே கிடையாதா? உண்டு. களைப்பையும் ஃபார்ம் போனதையும் பிரித்துப் பார்க்க எனக்குத் தெரிந்த நாட்டு வழி ஒன்று சொல்கிறேன். மருத்துவர் யாரேனும் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். களைத்தவன் ஆட்டம் போகப் போகக் கெடும். முதல் செட் நன்றாக இருக்கும், மூன்றாவதில் கரையும். ஒரு மாதம் ஓய்வு கொடுத்தால் திரும்பி வந்துவிடுவான். ஃபார்ம் போனவன் ஆட்டம் முதல் கேமிலேயே கோணலாக இருக்கும். நன்றாகத் தூங்கி எழுந்து வந்தாலும் கோணல் போகாது. எதிராளிகள் அவன் ஆட்டத்தைப் படித்துவிட்டார்கள், அவனிடம் புதிதாக ஒன்றுமில்லை என்று அர்த்தம். அவனுக்குத்தான் புதுக் கண் வேண்டும், புதுக் குரல் வேண்டும்.

இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டவர்களில் சாதாரண ஆள்கள் மட்டும் இல்லை. நோவாக் ஜோகோவிச்! 2017 மே மாதம், 2006 முதல் தனக்குப் பயிற்சி கொடுத்த மரியன் வய்தாவையும் முழுக் குழுவையும் அனுப்பிவிட்டார். ஆட்டம் மங்குகிறது, புது வேகம் வேண்டும் என்று. புதுப் பயிற்சியாளராக ஆந்த்ரே அகாஸி வந்தார். எவ்வளவு பெரிய பெயர்! என்ன ஆயிற்று? ஜூலையில் விம்பிள்டன் காலிறுதியில் பாதியில் வெளியேறினார், அந்த ஆண்டு அதற்குமேல் ஆடவேயில்லை. காரணம்? முழங்கை. 2018 தொடக்கத்தில் அறுவைசிகிச்சை. மார்ச்சில் அகாஸி விலகினார். ஏப்ரலில் யார் திரும்பி வந்தார்? பழைய வய்தாவேதான்! ஜூலையில் விம்பிள்டன், செப்டம்பரில் அமெரிக்க ஓப்பன், ஆண்டு முடிவில் முதலிடம். கோளாறு முழங்கையில் இருந்தது, மாற்றியது கோச்சை. அகாஸி என்ன பாவம் செய்தார்?

இங்கிலாந்தின் எம்மா ரடுகானு கதை வேறு. 18 வயதில், 2021இல், தகுதிச் சுற்றிலிருந்து வந்து பத்து ஆட்டம் ஆடி, ஒரு செட்கூட இழக்காமல் அமெரிக்க ஓப்பன் வாங்கினார். சில வாரத்தில் அந்தக் கோப்பையை வாங்க உடனிருந்த பயிற்சியாளர் ஆண்ட்ரூ ரிச்சர்ட்சனை விட்டுப் பிரிந்தார். அதன்பிறகு ஒருவர், இன்னொருவர், மற்றொருவர். நடுவில் கை மணிக்கட்டுகளிலும் கணுக்காலிலும் அறுவைசிகிச்சை. ஓர் ஆசான் சொன்னது உடம்பில் இறங்குவதற்குள் அடுத்தவர் வந்து வேறு சொன்னால், அந்தப் பெண் எதைக் கேட்பாள்?

சரி, மாற்றமே கூடாதா? இப்போது கதையின் பின்பாதிக்கு வருகிறேன். சென்னையில் தொடங்கினேன் அல்லவா? அங்கேயே போகலாம்.

2014க்குப் பிறகு நடாலுக்கு உண்மையாகவே ஆட்டம் மங்கியது. 2015இல், டென்னிஸின் நான்கு பெரும் போட்டிகளான கிராண்ட் ஸ்லாம்களில் ஒன்றைக்கூட வெல்லவில்லை. பத்தாண்டில் அப்படி நடந்ததில்லை. 2016இல் மணிக்கட்டுக் காயத்தால் பிரெஞ்சு ஓப்பனில் பாதியில் விலகினார். அக்டோபரிலேயே அந்த ஆண்டுக் கடையைக் கட்டினார். ஓய்வெடுத்தார். முதலில் ஓய்வு, கவனியுங்கள். டிசம்பரில்தான் குழுவுக்குள் ஒரு புது ஆளைக் கொண்டுவந்தார். சிற்றப்பாவைத் துரத்திவிட்டா? இல்லை, அவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே. அந்தப் புது ஆள் யார்?

கார்லோஸ் மோயா!

நுங்கம்பாக்கத்தில் 3 மணி 54 நிமிடம் எதிரே நின்று, நடாலின் காலில் இருந்த வலுவையெல்லாம் உறிஞ்சியெடுத்தாரே, அதே மோயா. நடாலைக் களைக்க வைப்பது எப்படி என்று தெரிந்தவரைவிட, களைக்காமல் காப்பது எப்படி என்று சொல்ல யாருக்குத் தகுதி? சர்வைக் கூர்மையாக்கி, பந்தைச் சீக்கிரம் முடிக்கும் வழி தேடினார்கள். 31ஐ எட்டப்போகிற உடம்பு 21 வயதுபோல ஓட முடியாது என்று ஒப்புக்கொண்ட ஆட்டம் அது.

அடுத்த மாதம் 2017 ஆஸ்திரேலிய ஓப்பன் இறுதி. எதிரே ரோஜர் ஃபெடரர், வயது 35. அவரும் முந்தைய விம்பிள்டனுக்குப் பிறகு ஆறு மாதம் போட்டிகளை விட்டு ஓய்வெடுத்து வந்தவர். ஃபெடரருக்குப் பயிற்சியாளர் யார்? குரோஷியாவின் இவான் லுபிசிச். இந்த லுபிசிச் யார் என்று சென்னைக்காரர்களைக் கேளுங்கள். 2006 சென்னை ஓப்பன் இறுதியில் மோயாவைத் தோற்கடித்துக் கோப்பை வாங்கியவர்! மெல்பர்னில் ஆடிய இரண்டு பேரும் உலகின் மாபெரும் ஆட்டக்காரர்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்களோ நம் நுங்கம்பாக்கத்து இறுதி ஆட்டக்காரர்கள். ஐந்து செட்டில் ஃபெடரர் வென்றார். அந்த ஆண்டின் நான்கு கிராண்ட் ஸ்லாமையும் இந்த இரண்டு பேரே ஆளுக்கு இரண்டாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். ஓய்வெடுத்துவிட்டு வந்த இரண்டு பேர்! அதோடு ஃபெடரர் அந்த வசந்தத்தில் செம்மண் ஆட்டங்கள் முழுவதையும் விட்டுவிட்டார், விம்பிள்டனுக்குக் காலை மிச்சம் பிடிக்க.

நம் வீட்டுக்கு வருவோம். நாகர்கோவிலில் 1937இல் பிறந்த ராமநாதன் கிருஷ்ணனுக்குப் பயிற்சியாளர் யார்? தந்தை டி.கே. ராமநாதன். 1954இல் விம்பிள்டன் சிறுவர் பட்டம். 1960இலும் 1961இலும் விம்பிள்டன் அரையிறுதி. 1961 காலிறுதியில் ராய் எமர்சனை வீழ்த்தினார். அவர் ஆட்டத்தில் வேகம் கிடையாது, அழுத்தம் கிடையாது. தொட்டு ஆடுவார், இடம் பார்த்து வைப்பார். உடம்பைச் செலவழிக்காத ஆட்டம். 1959இல் தொழில்முறைக் குழு நடத்திய ஜாக் கிரேமர் ஒன்றரை லட்சம் டாலர் தருகிறேன் வா என்று அழைத்தார். கிருஷ்ணன் போகவில்லை. போயிருந்தால், தொழில்முறை ஆட்டக்காரர்களைச் சேர்க்காத அன்றைய விம்பிள்டனும் டேவிஸ் கோப்பையும் அவருக்கு மூடிக்கொண்டிருக்கும். இரவுக்கு ஓர் ஊர் என்று சுற்றும் சர்க்கஸ் வாழ்க்கைதான் மிஞ்சியிருக்கும். ஆனால் உடம்பு யாரைத்தான் விட்டது? 1962இல் நான்காம் தரவரிசையோடு விம்பிள்டனுக்குள் போனவர் கணுக்கால் காயத்தால் பாதியில் விலகினார்.

அவர் மகன் ரமேஷ் கிருஷ்ணன் 1979இல் அதே சிறுவர் பட்டத்தை வாங்கினார். வீட்டில் தாத்தாவும் அப்பாவும் இருக்க, வெளியே பயிற்சியாளர் ஹாரி ஹாப்மனிடமும் போய்க் கற்றார். அதை வீட்டில் யாரும் அவமானமாக நினைக்கவில்லை. 1989 ஆஸ்திரேலிய ஓப்பனில் உலக முதலிடத்தில் இருந்த மாட்ஸ் விலாண்டரை வீழ்த்தியபோதும் அவரிடம் இருந்தது அப்பாவின் அதே மெதுவான கைதான்.

நம்மவர்களில் இன்னொருவர், சென்னையின் விஜய் அமிர்தராஜ், 1981 விம்பிள்டன் காலிறுதியில் ஜிம்மி கானர்ஸுக்கு எதிராக முதல் இரண்டு செட்டையும் எடுத்துவிட்டு, அடுத்த மூன்றையும் விட்டார். இன்றும் அதைச் சொல்லிப் பெருமூச்சு விடும் கிழவர்களைச் சென்னையில் பார்க்கலாம். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்.

இப்போது என் மனதை உறுத்தும் இடத்துக்கு வருகிறேன். நடாலுக்கு ஓய்வெடுக்க முடிந்தது. ஃபெடரருக்கு ஆறு மாதம் வீட்டில் இருக்க முடிந்தது. சென்னைப் பையனுக்கு முடியுமா?

டென்னிஸில் தரவரிசை எப்படி நடக்கிறது? போன ஆண்டு இந்த வாரம் ஈட்டிய புள்ளி, இந்த ஆண்டு இதே வாரம் கரைந்துவிடும். மழை பெய்தால் அம்பாரத்தின் உப்பு கரைவதுபோல. கரைவதற்குள் புதிதாக வார வேண்டும். வாராதவன் இறங்குவான். இறங்கினால் பெரிய போட்டியில் இடமில்லை. இடமில்லையென்றால் பணமில்லை. பணமில்லையென்றால் கூடவே பயணம் செய்யும் கோச் இல்லை, உடம்பு பிடித்துவிட ஆள் இல்லை. முதல் பத்து இடத்தவர் ஐந்தாறு பேர் கொண்ட குழுவோடு வருவார். 200ஆம் இடத்தவர் தன் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு, தன் கால் சுளுக்குக்குத் தானே கட்டுப் போட்டுக்கொண்டு ஆடுகிறார். அவர் தோற்றால் யாரை மாற்றச் சொல்வீர்கள்? மாற்றுவதற்கு ஆளே இல்லையே!

பிரஜ்னேஷ் குணேஸ்வரன், சென்னைக்காரர், இடது கை ஆட்டக்காரர். இளம் வயதில் முழங்காலில் எலும்பு கீறிக் கீறி, ஏறக்குறைய ஐந்து ஆண்டு போயிற்று. மற்றவர்கள் ஏணி ஏறும் வயது அது. ஜெர்மனியில் முன்னாள் ஆட்டக்காரர் அலெக்சாண்டர் வாஸ்கேயின் பயிற்சிக்கூடத்துக்குப் போனார். 2018 ஆசிய விளையாட்டில் வெண்கலம். 2019 ஏப்ரலில் உலகின் 75ஆம் இடம். அந்த ஆண்டு நான்கு கிராண்ட் ஸ்லாமிலும் பிரதானச் சுற்றில் ஆடினார். நான்கிலும் முதல் சுற்றோடு திரும்பினார் என்று எழுதினார்கள். முழங்காலைக் கேட்டிருந்தால் வேறு எழுதியிருப்பார்கள். 2024 நவம்பரில் ஓய்வு பெற்றார்.

ராம்குமார் ராமநாதன் ஸ்பெயினில் போய்ப் பயிற்சி எடுத்தவர். 2017இல் துருக்கியின் அன்டால்யாவில், அப்போது உலகின் முதல் பத்து பேரில் ஒருவராக இருந்த டொமினிக் தீமை வீழ்த்தினார். 2018இல் நியூபோர்ட்டில் இறுதிவரை போனார். தரவரிசை 111 வரை ஏறியது. 100ஐத் தொடவில்லை. சேலஞ்சர் என்னும் அடுத்த கீழ்க்கட்டப் போட்டிகளில் இறுதிக்குப் போவார், தோற்பார், மறுபடி போவார், தோற்பார். "இறுதியில் நடுங்குகிறான்" என்று பேசினோம். அந்த இறுதிக்கு வருமுன் அவர் எத்தனை வாரம் தொடர்ந்து ஆடியிருந்தார், எத்தனை நாடு மாறியிருந்தார் என்று நம்மில் எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. 2021 நவம்பர், பஹ்ரைனின் மனாமாவில் முதல் சேலஞ்சர் பட்டம் வந்தது. தரவரிசை அதற்குள் இறங்கியிருந்தது.

ஆண்கள் ஆட்டத்தை நடத்தும் ஏ.டி.பி., 2024 முதல் தரவரிசையில் மேலுள்ள 250 பேருக்கு ஒரு குறைந்தபட்ச ஆண்டு வருமானத்தை உறுதி செய்திருக்கிறது. முதல் 100 பேருக்கு அந்த ஆண்டு 3 லட்சம் டாலர் என்று வைத்தார்கள். காயம்பட்டவருக்கும் அதில் ஒரு பங்கு. நல்ல வேலை. ஆனால் 251ஆம் இடத்துப் பையன்? அவன் நம்மூர்ப் பையனாகத்தான் இருப்பான். இங்கே அரசும் நிறுவனங்களும் பரிசுத்தொகை அறிவிக்கின்றன, ஜெயித்த பிறகு. ஜெயிக்காத ஆறு வாரத்துக்கு, காலை மேசைமேல் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டிய அந்த ஆறு வாரத்துக்கு, யார் பணம் தருகிறார்கள்? எனக்கு வாய்ப்புக் கிடைத்தால் அந்தப் பணத்தைத்தான் முதலில் கேட்பேன்.

வாசலில் மோர் வந்துவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். உப்புப் போட்டிருப்பார்கள் என்று நம்புகிறேன். பின்வரிசையில் ஒரு தம்பி வெகுநேரமாகக் கையைத் தூக்கியபடியே இருக்கிறான். கை வலிக்கப் போகிறது, கேளுப்பா.